கொன்ற கையும் நியாயம் பேசும்



'மனிதனைக் கொலைவரை கொண்டுபோவது பெரிதும் கோபமா, ஆசையா, நியாயமா?' இதுதான் தலைப்பு. கோபம் என்று பேசிய நண்பர் கோபமாகவே பேசினார். ஒலிபெருக்கி தப்பித்தது பெரிய விஷயம். (சிரிப்பு) ஆசை என்று பேசிய அம்மையார், பேச்சு முழுக்க நடுவர் கழுத்தில் கிடக்கிற சரிகைப் பொன்னாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். (சிரிப்பு, கைதட்டல்) எனக்கு வாய்த்தது நியாயம். வீட்டில் சொன்னேன். "கொலைக்குப் போய் நியாயம் பேசப் போறீங்களா? வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார் என் மனைவி.

ஐயா, நான் கொலை நியாயம் என்று பேச வரவில்லை. கொன்றவன் அதை நியாயம் என்று நினைக்கிறானே, அதைப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.

நாம் கூடியிருக்கிற இந்தக் கொரட்டூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் புழல். ஒரு காலத்தில் புழல் என்றால் ஏரி, சென்னைக்குத் தண்ணீர். இப்போது புழல் என்று சொன்னாலே சனங்களுக்குச் சிறைதான் ஞாபகம் வருகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையை மூடி, 2006இல் இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மதிலுக்கு உள்ளே எல்லா வகைக் குற்றவாளியும் உண்டு. திருடியவனைக் கேளுங்கள், "புத்தி கெட்டுப் போச்சுங்க" என்பான். திருட்டு நல்ல காரியம் என்று அவன் வாதாட மாட்டான். கொன்றவனைக் கேளுங்கள். "நான் செய்யல" என்று சொல்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். செய்ததை ஒப்புக்கொள்கிறவர்களில் பலர் நம்மையே திருப்பிக் கேட்பார்கள்: "நீங்க என் இடத்துல இருந்தா என்ன சார் செய்திருப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். பெரியவன் சின்னவனை அடித்துவிடுகிறான். "ஏன்டா அடிச்சே?" என்று கேட்டால், "கோபம் வந்துச்சு, அடிச்சேன்" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லியிருக்கிறதா? "அவன்தாம்மா முதல்ல கிள்ளினான்" என்றுதான் சொல்லும். கோபத்தைச் சொல்ல அதற்குத் தெரியாமல் இல்லை. கோபம் சொன்னால் உதை விழும், நியாயம் சொன்னால் தப்பிக்கலாம் என்பது ஆறு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. (கைதட்டல்)

1957இல் அமெரிக்காவில் கிரேஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்று இரண்டு சமூகவியல் அறிஞர்கள், சட்டத்தை மீறும் இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தப் பையன்களுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை, நம்மைப் போலவே தெரிந்திருக்கிறது. ஆனால் தப்புச் செய்வதற்கு முன்னாலேயே ஒரு சமாதானத்தை மனசில் தயார் செய்துவிடுகிறார்கள் என்றார்கள். அந்தச் சமாதானங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "என் கையில என்ன இருக்கு?" "பெருசா ஒண்ணும் ஆயிடலையே." "அவனுக்கு நல்லா வேணும்." "கேக்க வந்துட்டியே, நீ மட்டும் யோக்கியமா?" "எங்க ஆளுங்களுக்காகச் செய்தேன்." அமெரிக்கா போய்க் கண்டுபிடிக்க வேண்டாம், நம் தெருக் குழாயடியிலேயே ஐந்தும் கிடைக்கும். (சிரிப்பு) 'கொன்றால் பாவம் தின்றால் போச்சு' என்று ஆட்டுக்கும் கோழிக்குமே சமாதானம் சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தவர்கள் நாம்.

ஆனால் கொலைக்கு வரும்போது, "பெருசா ஒண்ணும் ஆயிடலையே" என்று சொல்ல முடியாது. ஒரு பிணம் கிடக்கிறது. அதனால் கொன்றவன் பாரம் முழுவதையும் மூன்றாவதன் மீது போடுகிறான்: அவனுக்கு நல்லா வேணும். செத்தவன் சாக வேண்டியவன்.

மகாபாரதத்திலேயே இருக்கிறது. போர் முடிந்துவிட்டது. அசுவத்தாமன் காட்டில் ஆலமரத்தடியில் உறக்கம் வராமல் படுத்திருக்கிறான். மேலே காக்கைகள் தூங்குகின்றன. ஒரு ஆந்தை வந்து தூங்குகிற காக்கைகளைக் கொன்று போடுகிறது. அவனுக்கு யோசனை பிறந்துவிட்டது. தூங்குகிறவனைக் கொல்வது பாவம் என்று அவனுடைய மாமன் கிருபர் தடுக்கிறார். அசுவத்தாமன் என்ன சொன்னான்? என் தந்தை ஆயுதத்தைக் கீழே வைத்தபிறகு கொன்றார்களே, தருமத்தை முதலில் உடைத்தவர்கள் அவர்கள்தானே என்றான். "அவன்தாம்மா முதல்ல கிள்ளினான்." அதே வாக்கியம்தான் ஐயா. அன்று இரவு பாசறையில் தூங்கிய பிள்ளைகள் ஐந்து பேரும் போனார்கள்.

கோபக் கட்சிக்காரர் இடைமறிக்கப் பார்க்கிறார். "அது கோபம்தானே?" என்று கேட்கிறார். கோபத்தைச் சட்டம் எப்படி அளக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கடுமையான, திடீரென்று மூண்ட ஆத்திரத்தில் தன்னிலை இழந்து கொன்றுவிட்டால், அது கொலையைவிடக் குறைந்த குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. திடீர் என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் கோபத்துக்குக் கடிகாரம் வைத்திருக்கிறது.

1959 ஏப்ரல் 27. பம்பாய். கடற்படைத் தளபதி நானாவதி. தன் மனைவிக்கும் பிரேம் அகுஜா என்ற நண்பருக்கும் உறவு என்று மனைவி வாயாலேயே கேட்கிறார். அந்த நிமிடமே பாய்ந்தாரா? இல்லை. மனைவி மக்களைக் காரில் ஏற்றி சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்று காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கி வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போனார், ஆள் இல்லை. வீட்டுக்குப் போனார். சுட்டார். பிறகு தானாகவே போய்ச் சரணடைந்தார். உச்ச நீதிமன்றம் 1961இல் இந்த நேரத்தைத்தான் கணக்குப் பார்த்தது. மனைவி சொன்னதற்கும் சுட்டதற்கும் நடுவில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆத்திரம் ஆறுவதற்குப் போதிய நேரம், எனவே இது கொலைதான் என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

நான் நண்பரைக் கேட்கிறேன். மூன்று மணி நேரம் கோபம் அதே சூட்டில் நிற்குமா? நம் வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரே அவ்வளவு நேரம் நிற்பதில்லை. (சிரிப்பு) கோபம் ஆறிப் போயிற்று. 'நான் செய்யப்போவது சரி' என்ற எண்ணம் ஆறவில்லை. காரை ஓட்டியது அதுதான்.

இந்த வழக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முதலில் ஜூரிகள் விசாரித்தார்கள். பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது பேர். எட்டுப் பேர் 'குற்றமில்லை' என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியதால்தான் தண்டனையே வந்தது. ஊர் முழுக்க அந்த அதிகாரி பக்கம். பத்திரிகை அவர் பக்கம். 1964இல் மன்னிப்பும் கிடைத்தது. செத்துப்போன அகுஜா மோசமான ஆள் என்பது ஊர் முடிவு. இருக்கட்டும் ஐயா. மோசமான ஆளுக்கு மரண தண்டனை என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

பம்பாய்க்கு ஏன் போக வேண்டும்? நம் சென்னையிலேயே அதற்கு ஏழு வருடம் முந்தி நடந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. பெரியவர்கள் தலையை ஆட்டுகிறீர்கள். 1952 ஆகஸ்ட். ஆளவந்தார், சைனா பஜார் பேனாக் கடையோடு தொடர்புள்ள வியாபாரி. ஒருநாள் காணாமல் போனார். தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில் மானாமதுரையில் நிற்கும்போது ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதே என்று மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஆராய்ந்து சொன்னார். தடயவியலில் இன்றைக்கும் பேசப்படுகிற வேலை அது. பிடிபட்டவர்கள் பிரபாகர மேனன், அவர் மனைவி தேவகி என்ற தம்பதி. தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் முன்பு பழக்கம் இருந்தது என்றும், வீட்டுக்கு வரவழைத்துத் திட்டமிட்டுக் கொன்றார்கள் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. அவர் தவறாக நடந்தார், அந்த ஆத்திரத்தில் நடந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. ஜூரி குற்றவாளிகள் என்றது. 1953 ஆகஸ்டில் நீதிபதி பஞ்சாபகேச அய்யர் கணவருக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம் தண்டனை கொடுத்தார். தூக்கு இல்லை, ஆயுளும் இல்லை.

அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றைக்கு மேடையில் சொல்வது என் வேலையில்லை. நான் பார்ப்பது ஊரை. ஆளவந்தார் என்று சொன்னாலே அறுபது எழுபது வருடமாக நாம் சொல்வதென்ன? "அவன் பொம்பளை விஷயத்துல மோசமாம்ல." முடிந்தது. ஒரு மனிதனைக் கொன்றார்கள், துண்டாக்கினார்கள் என்பது பின்னால் போய்விட்டது. கொன்றவர்களுக்கு வக்கீல் இருந்தார். செத்தவருடைய நடத்தைக்கு வாதாட வக்கீல் கிடையாது, அவராலும் எழுந்து வந்து பேச முடியாது. நீதிமன்றத்தில் பதில் சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான். அவர் மீதுதான் எல்லாக் குற்றமும் விழுகிறது.

இதைவிடப் பெரிய கொலையைச் சொல்கிறேன். 1948 ஜனவரி 30. கோட்சே, காந்தியடிகள் எதிரே போய் நின்று, முதலில் கைகூப்பி வணங்கினான். பிறகு சுட்டான். கோபக்காரன் வணங்குவானா? ஆசைக்காரனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? நானே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, தேசத்துக்கான கடமை என்று செங்கோட்டை தனி நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் வாசித்தான். 1949 பிப்ரவரியில் தூக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் சதி இல்லை என்றுதான் வாதாடினானே தவிர, கொலைத் தண்டனையை எதிர்த்து முறையிடவில்லை. அந்த மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஜி.டி. கோஸ்லா. பின்னாளில் தம் புத்தகத்தில் எழுதினார்: கோட்சே பேசி முடித்தபோது மன்றத்தில் பெண்கள் கண் கலங்கினார்கள், ஆண்கள் நெகிழ்ந்து போனார்கள், அன்று பார்வையாளர்களையே ஜூரியாக்கியிருந்தால் பெரும்பான்மையாக 'குற்றமில்லை' என்றே சொல்லியிருப்பார்கள் என்று.

யாரைக் கொன்ற வழக்கில் ஐயா? காந்தியைக் கொன்ற வழக்கில்! (நீண்ட அமைதி)

காந்தியடிகளின் மகன்கள் மணிலாலும் ராமதாசும், கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள். தகப்பனைப் பறிகொடுத்தவர்களுக்கு இல்லாத நியாயமா கொன்றவனுக்கு இருந்தது? பழிக்குப் பழி கேட்க முழு உரிமை உள்ள இடத்திலிருந்து அவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். அதை நாம் பாடப் புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும்.

2014இல் ஆலன் ஃபிஸ்கே, தகே ராய் என்று இரண்டு ஆய்வாளர்கள் பல நாட்டு, பல காலத்து வன்முறைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார்கள். வன்முறையில் பெரும்பகுதி, ஒழுக்கம் கெட்டுப் போவதால் நடப்பதில்லை. 'இதுதான் ஒழுக்கம்' என்று நம்பிச் செய்வது என்பது அவர்கள் முடிவு. எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. நகைக்காகக் கழுத்தை நெரிக்கிறவனிடம் என்ன ஒழுக்கம்? அதை ஆசை அணி அம்மையாருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் கொலைகளுக்கு அது அப்படியே பொருந்தும்.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெற்ற பிள்ளையைக் கொல்வதற்கு நம் பத்திரிகைகள் ரொம்ப நாளாக ஒரு பெயர் வைத்திருந்தன: 'கௌரவக் கொலை'. தமிழ் வாத்தியார் என்ற முறையில் எனக்கு இந்தப் பெயர் மீது வருத்தம். அடைமொழி என்பது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற சொல் அல்ல, அது தீர்ப்புச் சொல்லும். கௌரவம் என்று சொல்லிவிட்டால் கொன்றவனுடைய வாக்குமூலத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இதில் கௌரவம் எதுவும் இல்லை, காட்டுமிராண்டித்தனமான கொலை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில். இப்போது 'ஆணவக் கொலை' என்று எழுதுகிறார்கள். யார் வைத்தார்களோ, அவர்களுக்கு என் கும்பிடு.

ஏனென்றால் ஆணவம் சாதாரணச் சொல் இல்லை. பக்கத்தில் பாடியில் திருவலிதாயம் இருக்கிறதே, ஞானசம்பந்தர் பாடிய தலம், அந்தக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்த மும்மலங்களில் முதல் மலம் ஆணவம். அதை இருளோடு ஒப்பிட்டு, உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் நுட்பமாக ஒன்று சொன்னார். இருட்டு மற்ற பொருளைத்தான் மறைக்கும். 'நான் இருட்டு' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ மற்றதையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். இருட்டில் நிற்பவனுக்கு இருட்டு என்று தெரியும். ஆணவத்தில் நிற்பவன் 'எனக்கு ஆணவமே இல்லை, நான் மானத்துக்காகச் செய்தேன்' என்பான். (கைதட்டல்)

மானம் என்றார்களே, அதையும் பார்த்துவிடலாம். புறநானூற்றில் மானம் உள்ளவன் யார்? சேரமான் கணைக்கால் இரும்பொறை. சிறையில் தண்ணீர் கேட்டு, அலட்சியமாகக் கொடுத்தார்கள் என்று குடிக்காமல் உயிர்விட்டான். அவன் காவலாளியைக் கொல்லவில்லை. பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தான். உயிரை விடுவதை நான் பாராட்டவில்லை, வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்வது, நம் பழம்பாட்டில் மானத்தின் விலையைத் தானே கொடுத்தான். அடுத்தவன் உயிரில் கொடுக்கவில்லை.

பெற்ற பிள்ளையையே கொல்லப் புறப்பட்ட ஒரு தகப்பனும் புறநானூற்றில் உண்டு. கோப்பெருஞ்சோழன். பிள்ளைகள் இருவரும் அவனுக்கு எதிராகப் படை திரட்டினார்கள். ராஜா, தகப்பன், மானம் போயிற்று. காரணம் போதாதா? போருக்குக் கிளம்பிவிட்டான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே நின்றார். எதிரே நிற்பது உன் பகைவர் இல்லையே, உன் பிள்ளைகள். நீ ஜெயித்தால் அப்புறம் யாருக்கு இந்த நாட்டை விட்டுவிட்டுப் போவாய், தோற்றால் உன்னைப் பிடிக்காதவன்தானே சிரிப்பான் என்ற பொருளில் பாடினார். போர் நின்றது. கவனியுங்கள், அவர் 'கோபப்படாதே' என்று சொல்லவில்லை. அரசன் வைத்திருந்த நியாயத்தை எடுத்து, அது நியாயம் இல்லை என்று காட்டினார்.

பட்டிமன்றம் என்றால் கண்ணகி வந்தே தீர வேண்டும் என்பார்கள். (சிரிப்பு) நானும் கொண்டுவருகிறேன். ஆனால் இவர் புகார் நகரத்துக் கண்ணகி இல்லை. விருத்தாசலம் பக்கத்து ஊர்க் கண்ணகி. முருகேசன் என்ற பட்டியல் சமூகத்துப் பொறியியல் பட்டதாரியை விரும்பி, 2003இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அந்த வருடம் ஜூலை மாதம் பெண் வீட்டார் இருவரையும் பிடித்து வந்து, ஊர் பார்க்க, நஞ்சு ஊற்றிக் கொன்றார்கள். எரித்தும் விட்டார்கள். ராத்திரியில் ஒளிந்து செய்யவில்லை. வெட்கப்படுகிற காரியம் என்றால் ஒளிந்து செய்வார்கள். ஊர் பார்க்கச் செய்தார்கள் என்றால், ஊரின் பெயரால், ஊருக்காகச் செய்கிறோம் என்று நினைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? வழக்கைத் திரித்தார்கள் என்று காவல்துறையைச் சேர்ந்தவர்களும் பிறகு தண்டனை பெற்றார்கள் என்றால், அந்த நியாயம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது பாருங்கள்.

மத்தியப் புலனாய்வுக் குழு விசாரித்து, 2021இல் கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கும், பன்னிரண்டு பேருக்கு ஆயுளும் விதித்தது. தூக்கை 2022இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. முருகேசன் வீட்டார் இதற்காக நடந்தது ஏறக்குறைய இருபத்திரண்டு வருடம்.

கொன்றவர்களைச் சிறையில் போட்டாயிற்று. அவர்களுக்கு அந்த நியாயத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? கல்யாண வீட்டில், "எங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா வெட்டிப் போட்ருவேன்" என்று வெற்றிலை போட்டுக்கொண்டே ஒரு மாமா சொல்வார். யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். மாமா சும்மா சொல்கிறார் என்று சிரிப்போம். ஆனால் பக்கத்தில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், அவன் சும்மா கேட்கவில்லை. சினிமாவில் கடைசிக் காட்சியில் கதாநாயகன் சட்டத்துக்குக் காத்திருக்காமல் வில்லனைக் குத்தும்போது விசில் அடிக்கிறோமே, அதையும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன் ஐயா. கோபத்துக்கு மருந்து தண்ணீர் குடிப்பது என்றார் நண்பர். ஆசைக்கு மருந்து போதும் என்ற மனம் என்றார் அம்மையார். 2003 ஜூலையில் அந்த ஊரில் கூடி நின்றவர்களுக்குக் கோபமும் இருந்திருக்காது, அந்தக் கொலையால் ஒரு பைசா லாபமும் இருந்திருக்காது. பின் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? குறுக்கே போய் நிற்க வேண்டிய எயிற்றியனார், அந்தக் கூட்டத்தில் எந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார்? தீர்ப்புச் சொல்லும்போது நடுவர் அவர்கள் அதற்கு விடை சொல்ல வேண்டும்.